எஹெலெபொலவை ஆட்டியவர்கள் பொதுமன்னிப்பையும் ஆட்டவேண்டும்

அம்பலாங்கொட, பலப்பிட்டிய, மிரிஸ்ஸ ஊர்களில் நூல்பாவை ஆட்டிவரும் கம்வாரிக் குடும்பத்தாருக்கும் அவர்களின் உறவுக்காரக் கலைஞர்களுக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் குடியியல் படிப்பிக்கும் ஆசிரியன். இந்த மடலின் சிங்களப் பிரதி தபாலில் உங்கள் கைக்கு வரும். தமிழிலும் வெளியிடுகிறேன். ஏனென்றால் நான் கேட்கப்போகும் வேலையில் பாதி எங்கள் ஆட்கள் செய்யவேண்டியது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு அதிகாரத்தை வைத்து ஒரு ரூகட (நூல்பாவை) நாடகம் போடுங்கள். தெற்கில் போடுங்கள், வடக்கில் போடுங்கள், சிறைச்சாலைக்குள்ளும் போடுங்கள். முடிந்தால் பாராளுமன்ற உறுப்பினர்களை முன்வரிசையில் உட்காரவைத்தும் போடுங்கள். புதிய அரசியலமைப்பு வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அது வந்து சேர்வதற்குள் இந்த அதிகாரத்துக்கு எங்கே வேலி போடுவது என்று சனம் பேசத் தொடங்கியிருக்க வேண்டும். இதைப்பற்றிச் சட்டத்தரணிகள் எழுதும் கட்டுரைகளை எங்கள் ஊர்ப் பெரிசுகள் வாசிக்கப்போவதில்லை. பொம்மை ஆடினால் வந்து பார்ப்பார்கள்.

உங்களைத் தேடி வந்ததற்கு முக்கியமான காரணம் எஹெலெபொல கதை. தலைமுறை தலைமுறையாக அதை நீங்கள் ஆட்டி வந்திருக்கிறீர்கள். 1814இல் கண்டி ராஜாவின் தலைமை மந்திரியான எஹெலெபொல அதிகாரம் (அது பதவிப் பெயர்) ராஜாவுக்கு எதிராகக் கிளம்பி, வெள்ளைக்காரன் பக்கம் ஓடிவிட்டார். ஆளைப் பிடிக்க முடியாத கோபத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவருடைய குடும்பத்தைத் தண்டித்தான். அண்ணன்காரன் பயந்து தாயின் பின்னால் ஒளிய, சின்னவன் மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தான் என்பது நாடு முழுக்கத் தெரிந்த கதை. தாயை போகம்பர ஏரியில் மூழ்கடித்தார்கள். அந்தக் காட்சியில் பார்ப்பவர்கள் எல்லோரும் ராஜாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று. சொல்லமாட்டான். அந்த ராஜா மதுரை நாயக்க வழி வந்தவன், கண்ணுசாமி என்று பெயர், என் மொழி பேசியவன். அதற்காக அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவன் பட்டதும் தெரியும்: வேலூர்க் கோட்டையில் அரசியல் கைதியாகவே கிடந்து 1832இல் செத்துப்போனான்.

உங்கள் நாடகம் நிற்கிற இடத்துக்குப் பிறகு நடந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியது. 1815 மார்ச்சில் கண்டியை வெள்ளைக்காரன் கைக்கு மாற்றிக் கண்டி ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் ஒரு வாசகம் இருக்கிறது. எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றுவதென்றால் ஆளுநரின் எழுத்துமூலக் கட்டளை வேண்டும், அந்தக் கட்டளையும் வழக்கைப் பற்றி அரசாங்க முகவர் அனுப்பும் அறிக்கையின் மேல்தான் பிறக்கவேண்டும். வெள்ளைக்காரன் நல்லவன் என்று இதற்கு அர்த்தமில்லை. 1818 கலகத்தில் அவன் ஊவாவில் செய்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஆள்பவன் வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது, முதலில் ஒரு அறிக்கை வேண்டும் என்ற ஒழுங்கு அந்தத் தாளில் இருந்தது.

இப்போதுள்ள அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையிலும் அந்த வாசனை இருக்கிறது. குற்றவாளியென்று தீர்க்கப்பட்ட எவரையும் ஜனாதிபதி மன்னிக்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், மாற்றலாம், தள்ளிப்போடலாம். மரண தண்டனைக் கைதி என்றால் மட்டும் ஒரு நடைமுறை உண்டு. வழக்கை விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை கேட்க வேண்டும். அது சட்டமா அதிபரிடம் போகும், அவர் ஆலோசனை எழுதுவார். பிறகு நீதி அமைச்சரிடம் போகும், அவர் தன் சிபாரிசோடு ஜனாதிபதிக்கு அனுப்புவார். மூன்று வாசல் தாண்டித்தான் கோப்பு மேசைக்கு வரவேண்டும். மூன்று வாசலிலும் கொல்லப்பட்டவரின் வீட்டாருக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். மேடையில் இதைக் காட்டுவது உங்களுக்குச் சின்ன வேலை: மூன்று பொம்மை, மூன்று கதவு, ஒரு கோப்பு. வெளியே ஒரு தாய் பொம்மை. கடைசிவரை அதை யாரும் உள்ளே கூப்பிடமாட்டார்கள்.

அப்புறம், கதைக்குப் பஞ்சமில்லை. 2021 பொசன் தினத்தை (பௌத்தம் இலங்கைக்கு வந்ததைக் கொண்டாடும் பௌர்ணமி) எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்கென்றே நடந்தது போன்ற நாள் அது. அன்று 93 கைதிகளுக்கு விடுதலை. அதில் 16 பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட தமிழ்க் கைதிகள். பலருக்குத் தண்டனைக் காலம் முடியக் கொஞ்சம்தான் பாக்கி என்று அப்போதே பேசப்பட்டது. அதே நாளில் துமிந்த சில்வாவும் வெளியே வந்தார். 2011 உள்ளூராட்சித் தேர்தல் நாளன்று அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவும் இன்னும் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்றவர் அவர். கொலை நடந்தபோது எம்.பி.யாகவும் பாதுகாப்பு அமைச்சின் கண்காணிப்பு உறுப்பினராகவும் இருந்தார். அப்போது அந்த அமைச்சின் செயலாளராக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. பிறகு ஜனாதிபதியாகி மன்னிப்பில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. 2016இல் மேல் நீதிமன்றம் கொடுத்த தண்டனையை 2018இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. (தமிழ்நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் அதுதான் ஆக மேலே உள்ளது.) வெளியே வந்த சில வாரங்களில் அவர் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் தலைவர்.

தமிழ்ச் சனத்தை அன்று என்ன செய்யச் சொல்கிறீர்கள்? 16 பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள் என்று சந்தோஷப்படுவதா, அந்த 16 பேரை முன்னால் நிறுத்தி மறைத்தது யாரை என்று கேட்பதா? கேட்டவனைப் பார்த்து, ‘உன் ஆட்களையும் விட்டோம்தானே’ என்றால் பதில் இல்லை. உங்கள் கோமாளிப் பொம்மை கோணங்கிக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. வாயைத் திறந்து திறந்து மூடட்டும்.

கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் நீதிமன்றம் போனார்கள். மகள் ஹிருணிகாவும் எம்.பி.யாக இருந்தவர். 2022 மே மாதக் கடைசியில் அந்த மன்னிப்பு இடைநிறுத்தப்பட்டது. 2024 ஜனவரி 17இல் அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, முடிவு தான்தோன்றித்தனமானது என்று. ஜனாதிபதி மன்னித்தால் மன்னித்ததுதான், யாரும் கேட்க முடியாது என்று காலம் காலமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததை அந்தத் தீர்ப்பு உடைத்தது. வகுப்பில் நானும் இந்த அதிகாரத்தை ஒரே வரியில் தாண்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பாடவேளை முழுக்கப் போகிறது.

கோட்டாபயவுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவின் கதை இன்னும் விசித்திரம். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கில் போடப்படவில்லை. 2019 ஜூனில் அவர் போதைப்பொருள் குற்றவாளிகள் நாலு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அறிவித்தார். உயர் நீதிமன்றம் தடுத்தது. அதே வருடம் நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது, பதவியை விட்டுப் போகிற அவசரத்தில் ஒரு கொலைக் கைதியை மன்னித்தார். 2005இல் ராஜகிரிய ரோயல் பார்க் குடியிருப்பில் 19 வயதுப் பெண்ணை அடித்துக் கொன்ற வழக்கு அது. வசதியான குடும்பத்துப் பையன், சிறையில் நன்றாகப் படித்தான் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சிறையில் படிக்க வசதியில்லாத கைதிகள் என்ன பாவம் செய்தார்களோ தெரியாது. 2024 ஜூனில் அந்த மன்னிப்பும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சிறிசேன இழப்பீடு கட்டவேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்குள் ஆள் நாட்டைவிட்டுப் போய்விட்டான். ஒரே பொம்மை, ஒரு கையில் தூக்குக் கயிறு, மறு கையில் மன்னிப்புக் கடிதம், நடுவில் ஐந்து மாதம். இதை எழுதுவதற்கு நாடகாசிரியர் தேவையில்லை.

எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலுக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டால் இந்த மடல் எனக்கே பொய்யாகிவிடும். 2000 டிசம்பர் 19. சண்டையால் இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீடு வளவு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். எட்டுப் பேர் கழுத்து வெட்டப்பட்டு மலக்குழிக்குள் போடப்பட்டார்கள். அதில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று. பதின்ம வயதுப் பிள்ளைகள் மூவர். தப்பி ஓடிவந்த ஒருவர் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு 15 வருடம் இழுத்து 2015இல் ஒரு இராணுவ ஸ்டாஃப் சார்ஜனுக்கு மரண தண்டனை கிடைத்தது, மற்ற நாலு பேர் விடுவிக்கப்பட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தண்டனையை ஏகமனதாக உறுதிசெய்தது. 2020 மார்ச் 26, கொரோனா ஊரடங்கில் நாடு முழுக்கக் கதவடைத்துக் கிடக்கும்போது, அந்த ஒருவரும் மன்னிக்கப்பட்டு வெளியே போனார். அதை எதிர்த்தும் உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின. போர்க்கால வழக்குகளில் சீருடைக்காரன் ஒருவனுக்குத் தீர்ப்பு வருவதே எங்களுக்கு அபூர்வம். வந்த ஒன்றையும் ஒரு பேனா அழித்தது. வீதிக்கு இறங்கி அழக்கூட முடியாத வாரம் அது.

அந்தக் கொலையை மேடையில் காட்டாதீர்கள். மிருசுவிலில் ஆடினாலும் சரி, மாத்தறையில் ஆடினாலும் சரி. எஹெலெபொல நாடகத்தில் வெட்டிய பிள்ளைத் தலையைத் தாயை உரலில் இடிக்கவைக்கும் காட்சியைப் பார்த்துச் சனம் அழுவது வேறு. அதற்கு 200 வருடத் தூரம் இருக்கிறது. இதில் உறவுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மன்னிப்புக் கடிதம் வருகிற நாளில் இருந்து தொடங்குங்கள். வானொலியில் செய்தி கேட்கிற வீடு ஒன்று போதும்.

பார்வையாளர் எல்லோருக்கும் ஒரே ஆட்டம் சரிவராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாளன் கதையை எடுக்கலாம். எல்லாளனின் மகன் தேரேற்றிக் கன்றைக் கொன்றான், தாய்ப்பசு வந்து மணியை அடித்தது, ராஜா சொந்த மகனையே அதே சக்கரத்தில் ஏற்றினான் என்று மகாவம்சம் சொல்கிறது. எங்கள் பக்கம் அதே கதை மனுநீதிச் சோழன் பெயரில் இருக்கிறது. இரண்டு மொழிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை என்பது பெரிய வசதி. பொம்மைகள் நிறுத்தி, பிள்ளைகளிடம் கேட்கட்டும்: மகனை மன்னித்திருக்கலாமா? சும்மா ‘இல்லை’ என்று கத்துவார்கள். சரி, பசுவிடம் கேட்டீர்களா என்று கோணங்கி கேட்டால் கொஞ்சம் அமைதியாகும். நான் படிப்பித்த அனுபவத்தில் சொல்கிறேன், எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த இடம் விளங்கும்.

ஊர் விகாரை முற்றத்திலும் கோவில் வீதியிலும் பொசன் காட்சியைப் போடுங்கள். 2025 வெசாக்கில் அநுராதபுரம் சிறையில் நடந்ததையும் சேர்த்தால் சிரிப்புக்குக் குறையிராது. ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் பெயரே இல்லாத ஒரு நிதி மோசடிக் கைதி, மன்னிப்பு என்ற பேரில் வெளியே நடந்துபோய்விட்டார். பிறகு சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானார். கையெழுத்துப் போடுபவர் ஒழுங்காக இருந்தாலும் பட்டியல் தயாராகும் அறை இருட்டாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே பாடம்.

சட்டக் கல்லூரிக்காரர்களுக்கு அழுகையும் வேண்டாம், சிரிப்பும் குறையட்டும். அவர்களுக்கு மூன்று கதவுக் காட்சியை நீட்டி ஆடுங்கள். எந்தக் கதவில் கோப்பு நிற்கவில்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நான் அதிகம் யோசித்தது சிறைச்சாலை ஆட்டத்தைப் பற்றித்தான். வெலிக்கடையிலோ யாழ்ப்பாணச் சிறையிலோ உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் போய், மன்னிப்பைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று பொம்மை பேசினால் எழும்பிப் போய்விடுவார்கள், நியாயம்தான். அவர்களுக்கு இது கடைசி வாசல். நீதிமன்றமும் பிழைவிடும். சாட்சி பொய் சொல்லும். அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தில் ஆட்களை உள்ளே போட்ட சட்டம் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறது. 2018இல் கிளிநொச்சியில் ஒரு தாயின் செத்தவீட்டுக்குக் கைதியான தகப்பனைக் கூட்டிவந்தபோது, திரும்பிப் போகிற சிறை வாகனத்தில் அவருடைய சின்ன மகள் தானும் ஏறிய படத்தை எங்களில் யாரும் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி ஜனாதிபதிக்கு அனுப்பினார்கள். சிறிசேனவின் காலம் முடிந்தது, அந்த மன்னிப்பு வரவில்லை. கடல் தாண்டி இந்தியாவிலும் இதே வாசலில் நின்றவர்கள் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூன்று பேரின் கருணை மனுவை 11 வருடம் பதில் சொல்லாமல் வைத்திருந்ததையே காரணமாக்கி, 2014இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஆகவே அதிகாரத்தை ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது பின்கதவால் ஒருவன் மட்டும் எப்படிப் போகிறான் என்று சிறைக்குள் இருப்பவர்கள்தான் முதலில் கேட்பார்கள். அந்த ஆட்டத்தில் வரிசையைக் காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஜனாதிபதியைப் பொம்மையாகக் காட்டி, நூலை யார் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள் என்கிற பகிடி வேண்டவே வேண்டாம். பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்கள் அதைத் தேய்த்துத் தள்ளிவிட்டார்கள். அதோடு அது அவரைத் தப்பவைக்கிறது. பேனாவைப் பிடித்தது அவருடைய சொந்தக் கை.

நாடகம் முடிய, கோணங்கி பார்வையாளரிடம் சில கேள்விகளை விட்டுவிட்டுப் போகட்டும். பதிலை நீங்கள் சொல்லவேண்டாம், ஆனால் என் கருத்தை மறைக்க எனக்கு அவசியமில்லை. மன்னிக்கும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் வர்த்தமானியில் வரவேண்டும், நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் சேர்ந்து. கொல்லப்பட்டவரின் வீட்டாருக்குக் கையெழுத்துக்கு முன்னால் அறிவித்து, அவர்கள் சொல்வதை எழுதி வாங்கவேண்டும். அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் முடிந்தது என்று நான் சொல்லவில்லை, கேட்டார்கள் என்ற பதிவு இருக்கவேண்டும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து புதியவர் பதவியேற்கும்வரை தண்டனை முழுவதையும் துடைக்கும் மன்னிப்பு கூடாது. கட்சிக்காரர், முன்னாள் கீழ்வேலைக்காரர் என்றால் தனிக்குழு ஒன்று பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நீதிமன்றத்தில் கேட்கும் வழியை யாரும் அடைக்கக் கூடாது. அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்தின் வரைவு ஜனாதிபதியின் செயல்களைக் கேள்வி கேட்கும் வழியை ஒருமுறை அடைக்கப் பார்த்தது. நிறைவேறிய திருத்தத்தில் அந்த வழி தப்பியது. வருகிற அரசியலமைப்பில் அது அடைபடாது என்று யார் உத்தரவாதம் தருவது?

நடைமுறை விஷயங்கள். விடியவிடிய ஆடும் காலம் போய்விட்டது. முக்கால் மணித்தியாலத்துக்குள் முடித்தால் பாடசாலைகள் சம்மதிக்கும். தமிழ்ப் பகுதிக்கான பாட்டையும் வசனத்தையும் நான் எழுதித் தருகிறேன். வடமோடி தென்மோடிக் கூத்து ஆடும் எங்கள் அண்ணாவிமார் சிலர் பாடிக்கொடுக்கச் சம்மதம் என்றிருக்கிறார்கள். மத்தளம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதில் சண்டை வராது. கோணங்கி சிங்களம் தமிழ் இரண்டும் பேசவேண்டும், பிழையாகப் பேசினால் இன்னும் நல்லது. யுனெஸ்கோ 2018இல் உங்கள் கலையைப் பட்டியலில் சேர்த்ததற்குப் பிறகு அழைப்பெல்லாம் விழாக்களுக்கும் கண்காட்சிகளுக்கும்தான் வரும் என்று நினைக்கிறேன். இந்த ஆட்டத்துக்குப் பொன்னாடை கிடைக்காது. தெற்கில் யாராவது கல்லெறியவும் கூடும். வடக்கிலும், ‘இதற்குள் சிங்களவனுக்கு என்ன வேலை’ என்று ஒருவன் கேட்பான். அவனுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு.

முதல் ஆட்டத்தை எங்கே வைப்பது என்று நீங்கள் முடிவுசெய்யுங்கள். என்னைக் கேட்டால் அம்பலாங்கொடையிலேயே வையுங்கள். உங்கள் சனம் முதலில் பார்த்துத் திட்டட்டும், சிரிக்கட்டும், எங்கே நீளமாக இருக்கிறது என்று சொல்லட்டும். வெட்டித் தைத்த பிறகு யாழ்ப்பாணம் கொண்டுவரலாம். வண்டிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் இங்கே நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். பொம்மைகளுக்கு மழைபடாத மண்டபம் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
குடியியல் ஆசிரியன் ஒருவன்
யாழ்ப்பாணம்